தூண் நிழல் விழாத அரங்கு: பாட்டும் அதன் காட்சியும்

முன்னுரை

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் பேருந்தில், ஒரு காலத்தில் ஓட்டுநர் விரும்பிய பாட்டே எல்லார்க்கும் பாட்டாக இருந்தது. ஒலிநாடா சுழலும், பயணிகள் சன்னல் வழியே மலையைப் பார்த்தபடி கேட்பர். பாட்டுக்குரிய காட்சியை மலையே தந்தது. இன்று அதே பேருந்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு திரை ஒளிர்கிறது. 'அந்தப் பாட்டைக் கேட்டாயா?' என்று வினவுவாரினும் 'பார்த்தாயா?' என்று வினவுவாரே மிகுதி. கேட்பதற்கென்று பிறந்த கலை பார்ப்பதற்குரியதாக மாறியமை தமிழ்ப் பாட்டின் அண்மை வரலாற்றில் பெருமாற்றம் எனலாம்.

அவ்வாறு பார்க்கப்படும் காட்சிகளுள் பல, மிகக் குறைந்த முயற்சியில் ஆக்கப்பட்டவை. அசையாத ஒரு படத்தின்மேல் எழுத்துகள் ஓடும். அல்லது ஒலிவாங்கியின் முன் பாடகர் நிற்பார். அல்லது தேயிலைத் தோட்டம் ஒன்றின் நடுவே இருவர் நடந்துகொண்டிருப்பர். இத்தகைய எளிய காட்சிகள் பாட்டுக்குப் பொருந்துமா, அன்றி அதற்கு இழுக்கா என்பது இன்று கவிஞர்களிடையேயும் எழும் வினா. 'எழுதியவன் உழைப்பை மதிக்காதவர் செயல் இது' என்பார் ஒரு சாரார். 'பாட்டு நன்றாயின் போதும். காட்சி எதுவாயின் என்ன?' என்பார் மற்றொரு சாரார். இரண்டும் முழு உண்மை அல்ல என்பதை வரலாறு காட்டுகிறது. செலவும் உழைப்பும் இதில் முதன்மையான அளவுகோல்கள் அல்ல. பாட்டின் பொருளைக் காட்சி அறிந்திருக்கிறதா என்பதே அளவுகோல். இதனை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

அரங்கும் உடுக்கையும்

பாட்டுக்கும் காட்சிக்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் விரிவான பழஞ்சான்று சிலப்பதிகார அரங்கேற்று காதை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், மத்தளம் முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியை இளங்கோவடிகள் தனித்தனியே வகுக்கிறார். அவர்களுள் கவிஞனுக்குச் சொல்லப்படும் இலக்கணம் கருதத்தக்கது. இசையமைப்போன் கருதிய கருத்தை உணர்ந்து, அதற்கேற்பச் சொல்லை அமைக்க வல்லவனாக அவன் இருத்தல் வேண்டும். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைச்சீலைகளும் அங்கே பேசப்படுகின்றன. அரங்கின் நீளமும் அகலமும் உயரமும் கோலால் அளந்து சொல்லப்படுகின்றன.

இவற்றுக்கிடையே சிறு செய்தி ஒன்று உண்டு. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்குகள் நிறுத்தப்பட்டனவாம். அரங்கைத் தாங்குவது தூண். ஆயினும் அதன் நிழல் ஆடலை மறைத்தல் கூடாது. பாட்டுக்குத் துணையாக வரும் எந்தக் காட்சிக்கும் இதனினும் சிறந்த இலக்கணம் கூறல் அரிது. காட்சி பாட்டைத் தாங்கலாம். பாட்டின்மேல் தன் நிழலை வீழ்த்தலாகாது.

அரண்மனை அரங்கு இவ்வாறாக, கொங்கு நாட்டின் ஊர்ப்புற அரங்கோ காட்சி என்பதையே ஏறத்தாழ விட்டொழித்தது. பொன்னர் சங்கர் கதை எனப்படும் அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பாடுவோர் இரவிரவாகப் பாடுவர். திரைச்சீலை இல்லை; வேடம் இல்லை. உடுக்கையும் குரலும் அவ்வப்போது எழும் கைச்சைகையுமே உண்டு. ஆயினும் பன்றி வேட்டையையும் படுகளத்தையும் கேட்போர் தத்தம் மனக்கண்ணில் கண்டு கண்ணீர் சொரிவர். பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் 1960களில் காங்கயம் வட்டாரத்தில் தங்கி இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். பல ஆண்டுகள் கழித்து அவரே அதனை 26 பகுதிகள் கொண்ட அசைவோவியத் தொடராகவும் ஆக்குவித்தார். ஒலியாக மட்டும் வாழ்ந்த ஒரு கதை இவ்வாறு ஓவியமும் ஆயிற்று. இப்படி மாறும்போது இழப்பு ஒன்றும் உண்டு. கேட்டோர் நூற்றுவராயின் முன்பு பொன்னரும் நூறு வடிவினராக இருந்தனர். ஓவியம் வந்தபின் அவர்க்கு ஒரே வடிவம்தான். எத்துணைச் சிறந்த காட்சியாயினும் இவ்விலையைக் கேட்போரிடமிருந்து பெற்றே தீரும் என்பதை மறத்தல் கூடாது.

பேசும்படமும் கோவைக் கலையகங்களும்

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. எச்.எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் டி.பி. ராஜலட்சுமி நடித்தும் பாடியும் புகழ்பெற்றார். கதை நிகழ்வதோ பழங்காலம். பாடல்களோ தியாகராசர் கீர்த்தனைகளும், மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய, காந்தியடிகளின் இராட்டினத்தைப் போற்றும் பாட்டும். பாட்டுக்கும் காட்சிக்கும் ஒட்டுறவே இல்லை. ஆயினும் மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். வெள்ளித்திரையிலிருந்து தமிழ்ப் பாட்டு எழுவதே அன்று வியப்பு. மேலும் விடுதலை வேட்கை மிக்க அந்நாளில் இராட்டினப் பாட்டின் பொருள் திரையில் இல்லாவிடினும் கேட்டோர் நெஞ்சில் இருந்தது. பொருந்தாக் காட்சி தமிழ்ப் படத்துக்குப் புதியது அன்று, அது அதன் பிறவிக் குறை என்பதற்கு இது சான்று.

தொடக்கக் காலப் பாட்டுக் காட்சிகளின் எளிமைக்குக் கருவியே காரணமாயிற்று. ஒலிவாங்கியை விட்டு அகன்றால் குரல் பதிவாகாது. எனவே நடிகர் நின்ற இடத்தில் நின்றே பாடினர். பக்கவாத்தியக்காரர் மரத்தின் பின்னும் தட்டியின் பின்னும் மறைந்திருந்து வாசித்தனர். 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தின்வழி ஏ.வி. மெய்யப்பன் பின்னணிப் பாடலை அறிமுகம் செய்தார். அதன்பின் குரல் ஒருவருடையதாகவும் உருவம் மற்றொருவருடையதாகவும் ஆயின. நடிகர் ஓடலாம், ஆடலாம், மலையேறலாம். பாட்டுக் காட்சி என்னும் தனிக்கலை வளர வழி பிறந்தது அப்போதுதான்.

இக்கலை வளர்ச்சியில் கொங்கு நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. கோவையின் சென்ட்ரல் கலையகமும் பட்சிராஜா கலையகமும், சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் சென்னைக்கு இணையாகப் படங்களை ஆக்கிய காலம் அது. சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' (1944) கோவையில் உருவான படமே. பாபநாசம் சிவன் பாட்டியற்ற, எம்.கே. தியாகராச பாகவதர் பாடினார். அப்படத்தின் பல பாட்டுகளில் பாகவதரின் முகத்தை நோக்கி ஒளிப்பதிவுக் கருவி அமைதியாக நிற்கிறது, அவ்வளவே. இன்றைய கண்ணுக்கு இது முயற்சிக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அப்பாட்டுகளின் உயிர் பாகவதர் குரலின் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. கண்ணை வேறெங்கும் ஈர்க்காமல், குரல் பிறக்கும் இடத்திலேயே நிறுத்தியது அக்காட்சி. அது பாட்டை அறிந்த எளிமை.

பட்சிராஜா கலையகத்தில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆக்கிய 'மலைக்கள்ளன்' (1954) வேறொரு வகைக்குச் சான்றாகும். நாமக்கல் கவிஞரின் புதினம், கலைஞரின் உரையாடல், எம்.ஜி.ஆரின் நடிப்பு என மூன்றும் கூடிய படம் அது. குதிரைமேல் வரும் நாயகன், ஏமாற்றப்படும் மக்களைப் பற்றிப் பாடுகிறான். டி.எம். சௌந்தரராசனின் குரல் ஒலிக்கிறது. ஒரு மனிதன், ஒரு குதிரை, ஒரு வழி என்பதற்குமேல் காட்சியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆயினும் பாட்டின் நடையும் குதிரையின் நடையும் ஒன்றாகிவிடுகின்றன. பாட்டுக்குரிய மெய்ப்பாடு பெருமிதம்; குதிரையேற்றம் அப்பெருமிதத்துக்கு உருக்கொடுக்கிறது. ஒரே கருத்து, அதுவும் சரியான கருத்து.

உடுமலைக்கு அருகிலுள்ள பூளவாடியில் 1899இல் பிறந்த உடுமலை நாராயண கவியையும் இங்கே நினைத்தல் தகும். நாடக மேடையில் பழுத்துத் திரைக்கு வந்தவர் அவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அவர் பாட்டுகளைப் பாடி நடித்தபோது பின்னணியில் மாளிகையும் தோட்டமும் தேவைப்படவில்லை. சொல்லிலேயே நகையும் குத்தலும் இருந்தன. 'நல்லதம்பி' (1949) படத்தின் கிந்தனார் கதாகாலட்சேபம் ஒரு மேடையும் பக்கவாத்தியமும் மட்டுமே கொண்ட காட்சி. நகைச்சுவைக்கும் அறிவுரைக்கும் உரிய பாட்டு, சொல் தெளிவாகக் கேட்கப்படுவதையே வேண்டும். அதற்கு எளிய மேடை இடம் தந்தது.

காட்சியில்லாக் காலம்

திரையரங்கில் ஒருமுறை கண்ட காட்சியை மீண்டும் காண வழியில்லாத காலம் நெடிது. பாட்டு மட்டும் தனியே பிரிந்து ஊர் சுற்றியது. அரங்கின் வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, திருவிழா ஒலிபெருக்கி, வானொலி ஆகியவை அதனைச் சுமந்தன. 1952இல் தொடங்கிச் சில ஆண்டுகள் அனைத்திந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கி வைத்தது. அந்த இடைவெளியில் இலங்கை வானொலி தமிழ் மக்களின் செவியைக் கவர்ந்தது. 1957இல் விவித பாரதி தோன்றிய பின்னும் அதன் செல்வாக்குக் குன்றவில்லை. இலங்கை மலையகத்துத் தோட்டத் தமிழரும் தமிழகத்து மலைத் தோட்டத் தமிழரும் ஒரே அலைவரிசையில் ஒரே பாட்டைக் கேட்டு மகிழ்ந்தனர்.

அக்காலத்தில் பாட்டைக் கேட்டவர் தமக்கு வேண்டிய காட்சியைத் தாமே அமைத்துக்கொண்டனர். லைன் வீட்டின் திண்ணையில் கேட்ட தாலாட்டு, அவ்வீட்டுக் குழந்தைக்கே உரியதாயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்ணின் வாயில் புகுந்த காதல் பாட்டு, படத்தின் நாயகியை மறந்து அவளுக்கே சொந்தமாயிற்று. கண்ணதாசனும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் தமிழ்நாட்டு மக்களின் நாவில் குடிகொண்டதற்கு அவர்தம் சொல்வன்மையோடு, அச்சொல்லைக் காட்சியின்றித் தாங்கிவந்த வானொலியும் காரணம். காட்சி இல்லாமை பாட்டுக்குக் குறையாகவில்லை என்பதோடு, சில வேளைகளில் நிறைவாகவும் இருந்தது.

ஒலியும் ஒளியும்

1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் வந்த 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சி, கதையிலிருந்து பிரிந்த பாட்டுக் காட்சியை வீட்டுக்குள் கொண்டு வந்தது. லகரமும் ளகரமும் முரணி நிற்கும் அப்பெயரே சிறு கவிதை. ஒலியை முன்னிறுத்தி ஒளியைப் பின்னிறுத்திய அமைப்பும் கருதத்தக்கது. கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தபின் மலைப்பகுதிகளுக்கும் அவ்வொளி எட்டியது. மழையும் மூடுபனியும் மிகுந்த நாள்களில் திரையில் புள்ளிகளே தெரியும். குரல் மட்டும் தெளிவாய் வரும். வால்பாறை மக்கள் அன்று கண்டது பெரும்பாலும் ஒலியே, ஒளி குறைவு.

1993இல் சன் தொலைக்காட்சியும் அதன்பின் பிற தனியார் அலைவரிசைகளும் தோன்றியபோது, நாள் முழுதும் பாட்டு வேண்டியதாயிற்று. கதையில் தனக்குரிய இடத்தை இழந்த பாட்டுக் காட்சி, தன் காலிலேயே நிற்க வேண்டிய நிலை வந்தது. கதை தாங்கியபோது மறைந்திருந்த பொருத்தமின்மை இப்போது வெளிப்பட்டது. பிரிவுத்துயர் பாடும் பாட்டுக்கு வெளிநாட்டுத் தெருவில் ஆடும் குழு எதற்கு என்னும் கேள்வி எழுந்தது. மிகுந்த பொருட்செலவில் ஆக்கப்பட்டும் பாட்டின் பொருளைச் சிறிதும் நினையாத காட்சிகள் எத்தனையோ வந்தன. கருத்தில்லாக் காட்சியே உண்மையில் முயற்சி குறைந்த காட்சி. அதற்குச் செலவிட்ட பணம் அக்குறையை மறைக்கும் ஒப்பனை மட்டுமே.

திணைக் கோட்பாடு தரும் அளவுகோல்

காட்சியின் பொருத்தத்தை அளக்கத் தொல்காப்பியம் நல்ல கருவி ஒன்றைத் தருகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மக்கள், தொழில், விலங்கு, புள், மரம், பறை, யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது அதன் துணிபு. அகப்பாட்டில் உரிப்பொருள் இன்றியமையாதது. நிலவருணனை அதற்குத் துணையே.

இக்கருவியால் நோக்கின், தேயிலைத் தோட்டம் திரைப்பாட்டுகளில் படும் பாடு நன்கு விளங்கும். பச்சைக் கம்பளம்போல் விரிந்த சரிவு, வளைந்து செல்லும் பாதை, மிதக்கும் மேகம் ஆகியவற்றின் நடுவே நாயகனும் நாயகியும் ஓடுவர். முதற்பொருள் மட்டும் அங்கே உண்டு. அதுவும் வெறும் வண்ணமாக. கருப்பொருள் எங்கே? முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் எங்கே? கவாத்து வெட்டுவோரும், மழைக்காலத்து அட்டைக்கடியும், எடைபோடும் களமும், லைன் வீடுகளின் புகையும் எங்கே? தமிழகத்தின் மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு இம்மலையில்தான் உள்ளது. அம்மழையில் நனைந்து வேலை செய்வோர் பாட்டுக் காட்சியின் மழையில் இல்லை. ஆளற்ற தோட்டம் என்பது உலகில் எங்கும் இல்லாத தோட்டம். காட்டை அழித்து, மக்களைக் கொணர்ந்து, அவர் உழைப்பில் வளர்த்த நிலம் அது. அந்நிலத்தை வெறும் திரைச்சீலையாக்கும் காட்சி, பாட்டுக்குப் பொருந்தாமையோடு நிலத்துக்கும் அநீதி செய்கிறது.

இதற்கு மாறான முயற்சியும் உண்டு. 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், அத்தோட்டங்களின் பழைய கொடுமைகளை 'ரெட் டீ' என்னும் ஆங்கிலப் புதினமாக 1969இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். அதனைத் தழுவிப் பாலா இயக்கிய 'பரதேசி' 2013இல் வெளிவந்தது. வைரமுத்து எழுதி ஜி.வி. பிரகாஷ்குமார் இசையமைத்த அப்படத்தின் பாட்டில், ஊரைவிட்டுத் தோட்டம் நோக்கி நடக்கும் மக்களின் நெடும்பயணமே காட்சி. அங்கே ஆடல் இல்லை, நடை மட்டுமே. பிரிதல் என்னும் உரிப்பொருளும், நடக்கும் மக்கள் என்னும் கருப்பொருளும், வறண்ட நிலம் என்னும் முதற்பொருளும் ஒன்றியதால் பாட்டின் சொல் ஒவ்வொன்றும் கனம் பெற்றது.

எழுத்து ஓடும் காணொளி

படம் வெளிவருமுன் பாட்டை இணையத்தில் வெளியிடும் வழக்கம் வேரூன்றியபோது, காட்சி ஆயத்தமாகாத நிலையில் பாட்டின் வரிகளையே திரையில் ஓடவிடும் காணொளி தோன்றியது. முயற்சி குறைந்த காட்சி என்று இன்று பெரிதும் பழிக்கப்படுவது இதுவே. ஆயினும் இதன் மூதாதை ஒன்று கவிஞர்கள் மதிக்கத்தக்கது. 1965இல் இலண்டன் நகரச் சந்து ஒன்றில் பாப் டிலன் தம் பாட்டின் சொற்களை எழுதிய அட்டைகளை ஏந்தி நின்றார். பாட்டு ஒலிக்க ஒலிக்க ஒவ்வோர் அட்டையாகக் கீழே எறிந்தார். பின்னால் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தவர் ஆலன் கின்ஸ்பெர்க் என்னும் கவிஞர். டி.ஏ. பென்னிபேக்கர் எடுத்து 1967இல் வெளியான ஆவணப்படத்தின் தொடக்கக் காட்சி இது. செலவு அட்டைகளுக்கும் மைக்கும் மட்டுமே. சொற்கள் விரைந்து கொட்டும் பாட்டு அது. அச்சொற்களையே பொருளாக்கிக் கையில் ஏந்தியமையால் காட்சி சிறந்தது. அட்டைகளில் சில பிழைகளும் உண்டு. அவை வேண்டுமென்றே செய்த விளையாட்டு.

தமிழில் எழுத்து ஓடும் காணொளிகளில் காணும் பிழைகளோ விளையாட்டு அல்ல. ஒற்று மிகுதலும் மிகாமையும் அங்கே எண்ணப்படுவதில்லை. ணகர, னகர வேறுபாடு மறைகிறது. இவற்றினும் கொடிது, தமிழ்ப் பாட்டின் வரிகள் பலவேளை உரோமன் எழுத்திலேயே ஓடுவது. ழகரத்தை அவ்வெழுத்தில் எழுதும்போது அது தன் உருவையும் ஒலியையும் ஒருங்கே இழக்கிறது. பாட்டெழுதியவர் எதுகைக்காகவும் மோனைக்காகவும் தேடித் தேர்ந்த எழுத்து, திரையில் காணாமற்போகிறது. காட்சியாக எழுத்தையன்றி வேறொன்றும் தராத காணொளி, அவ்வெழுத்தையும் சரியாகத் தராவிடின் அதற்கு என்ன நியாயம் உண்டு? எழுத்து ஓடுவது குறையன்று. எழுத்தை மதியாமையே குறை.

ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக்கிய வகைக்குப் புகழ்மிக்க சான்று 2011 நவம்பர் 16 அன்று வெளியான 'கொலவெறி' பாட்டு. ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கிய '3' படத்துக்காக அனிருத் இசையமைத்துத் தனுஷ் எழுதிப் பாடியது. பாட்டு முன்கூட்டியே கசிந்துவிட்டமையால், கூடத்தில் எடுத்த எளிய காட்சியோடு முறையாக வெளியிட்டனர் என்பர். தலையசைத்துச் சிரித்துப் பாடும் பாடகரும், இசையமைக்கும் இளைஞரும், உடனிருக்கும் நண்பருமே காட்சி. அது நாடு கடந்தும் பரவியது. 2012இல் படம் வந்தபோது அதில் இடம்பெற்ற காட்சியினும் கூடத்துக் காட்சியே மக்கள் நினைவில் நின்றது. காரணம் வெளிப்படை. அப்பாட்டு தமிழும் ஆங்கிலமும் கலந்து, வாய்க்கு வந்தவாறு புனைந்த விளையாட்டு. புனையும் அந்தக் கணத்தையே காட்டியது கூடத்துக் காட்சி. அப்பாட்டின் மொழியைத் தமிழன்பர் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். காட்சியின் பொருத்தத்தை மறுத்தல் இயலாது.

ஆனால் இவ்வெற்றி ஒரு வாய்பாடாகியது. ஒலிவாங்கி முன் பாடுவதைக் காட்டினால் போதும் என்ற எண்ணம் பரவியது. கையறுநிலைப் பாட்டுக்கும் கூடம்; தாலாட்டுக்கும் கூடம். விளையாட்டுக்குப் பொருந்தியது இரங்கலுக்குப் பொருந்துமா என்று எண்ணியவர் சிலரே.

நிலமே காட்சியாகும்போது

எளிய காட்சியின் முழுவலிமை எங்கு வெளிப்படும் என்பதற்கு எண்ணூர் சான்று. 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' கேபர் வாசுகி எழுதியது, டி.எம். கிருஷ்ணா பாடியது. ஆனந்தபைரவி, பேகடை முதலிய இராகங்களில் சென்னைத் தெருத்தமிழ் ஒலிக்கிறது. பாடகர் நிற்பதோ எண்ணூர்க் கழிமுகத்தில். பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். காலடியில் சாம்பல் படிந்த மண். புறம்போக்கு என்னும் சொல் வசையாக மாறிவிட்டது. உண்மையில் அது எவர்க்கும் தனியுடைமையாகாமல் எல்லார்க்கும் பொதுவான நிலத்தைக் குறிப்பது. இதுவே பாட்டின் கருத்து. அதனை விளக்கக் கதையோ ஆடலோ வேண்டியதில்லை. அந்நிலத்தில் போய் நின்று பாடினால் போதும். நெய்தல் நிலத்துக்குரிய இரங்கல், ஓர் இலக்கிய மரபாக அன்றிக் கண்கூடாக அங்கே விளங்குகிறது. கச்சேரி மேடையில் பாடியிருந்தால் அப்பாட்டு இனிமையாக இருந்திருக்கும். எண்ணூரில் பாடியதால் அது உண்மையாயிற்று.

மலை நிலத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. கொடைக்கானலின் வெப்பமானித் தொழிற்சாலை விட்டுச்சென்ற பாதரச மாசையும் தொழிலாளர் துயரையும் பற்றிச் சோபியா அஷ்ரப் 2015இல் ஆங்கிலத்தில் ஒரு பாட்டு வெளியிட்டார். மெட்டு அமெரிக்கப் பாட்டொன்றிலிருந்து இரவல் பெற்றது. ஆக்கமும் சிறிய அளவினது. உலகெங்கும் அது பார்க்கப்பட்டது. மறு ஆண்டே இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு கண்டது. பல்லாண்டுப் போராட்டத்தின் பயன் அது. பாட்டின் பயன் மட்டுமன்று. ஆயினும் அப்போராட்டத்தின் குரலை நெடுந்தொலைவுக்குக் கொண்டு சென்றது அவ்வெளிய காணொளி.

எளிமையே எப்போதும் உயர்ந்தது என்பது இதன் கருத்தன்று. 2021 மார்ச்சில் அறிவு, தீ இருவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் ஆக்கிய 'எஞ்சாயி எஞ்சாமி' இதற்கு மறுபக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் மீண்ட தம் பாட்டியாரின் வாழ்வே பாட்டுக்கு வேர் என அறிவு கூறியுள்ளார். அமித் கிருஷ்ணன் இயக்கிய அதன் காட்சி பெருமுயற்சியில் உருவானது; வண்ணமும் ஆடையும் கூட்டமும் நிறைந்தது. அவையும் பாட்டின் வேரிலிருந்தே முளைத்தன. நிலத்தை உழுதவர்க்கே நிலம் இல்லை என்னும் ஒப்பாரியும், மூதாதையர் வளத்தைப் பாடும் கொண்டாட்டமும் கலந்த பாட்டு அது. கொண்டாட்டம் வண்ணத்தை வேண்டியது, காட்சி தந்தது. எண்ணூர்ப் பாட்டுக்கு இவ்வளவு வண்ணம் நிழலாகியிருக்கும். இந்தப் பாட்டுக்கு ஒற்றைப் பாடகரின் நிற்றல் பற்றாக்குறையாகியிருக்கும். பாட்டே தனக்கு வேண்டிய அளவைச் சொல்கிறது. கேட்கும் செவி வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படுவன சில. சொல்லிலோ குரலிலோ உயிர் அமைந்த பாட்டுக்கு எளிய காட்சி பொருந்தும்; பாகவதரும் கலைவாணரும் அதற்குச் சான்று. ஆக்கும் கணமே பொருளாகிய பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடம் பொருந்தும். ஒரு நிலத்தின் துயரைப் பாடும் பாட்டுக்கு அந்நிலமே போதும். பொருந்தாதது எண்ணாமல் செய்த காட்சி. அது ஒரு படத்தை ஒட்டியதாயினும், பெரும்பொருள் செலவிட்டு அயல்நாட்டில் எடுத்ததாயினும் ஒன்றே. இன்று கருவியிடம் சில சொற்களைத் தட்டினால் அது தேயிலை மலையையும் மூடுபனியையும் நொடியில் வரைந்து தருகிறது. அம்மலையில் எவரும் பிறந்ததுமில்லை. எவரும் வேலை செய்ததுமில்லை. எண்ணாமை எளிதாகிவிட்ட இக்காலத்தில் எண்ணுதலின் பொறுப்புக் கூடுகிறது.

சிற்றூர்களின் இலக்கிய வட்டங்களுக்கும் அங்கே எழுதும் கவிஞர்க்கும் இவ்வரலாறு ஊக்கம் தரவல்லது. படப்பிடிப்புக்குப் பொருள் இல்லையே என்று அவர்கள் தயங்க வேண்டுவதில்லை. கைப்பேசி ஒன்று போதும். கவிதைக்கு இசை அமைந்து, அதனைக் காட்சியாக்க எவரேனும் முன்வரும்போது கவிஞர் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. இப்பாட்டு எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் நிற்கிறது? அந்நிலத்தில் யார் வாழ்கின்றனர், என்ன தொழில் செய்கின்றனர்? அவர்தம் நெஞ்சில் இருப்பது பிரிவா, இரங்கலா, காத்திருத்தலா? மூன்றாம் வினாவுக்கு விடை தெரியாத காட்சியை மறுக்கும் உரிமை பாட்டெழுதியவர்க்கு உண்டு. எழுத்து மட்டுமே ஓடும் காணொளியாயின் அது பிழையற்ற தமிழெழுத்தாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு.

மாலையில் கொழுந்து எடைபோட்டு முடித்து வீடு திரும்பும் ஒருத்தி, லைன் வீட்டின் வாசலில் அமர்ந்து தன் தாய் பாடிய பாட்டொன்றைப் பாடுகிறாள் எனக் கொள்வோம். அவள் பேத்தி அதைக் கைப்பேசியில் பதிவு செய்கிறாள். கை சற்றே நடுங்குகிறது, வெளிச்சமும் குறைவு. முகத்தில் நிழல் விழுகிறதே என்று பேத்தி நாலடி தள்ளி நின்று, தெருவிளக்கு அவள் முகத்தில் படும்படி கைப்பேசியைத் திருப்பிப் பிடிக்கிறாள். புகாரின் அரங்கில் தூண் நிழல் விழாதபடி விளக்கை நிறுத்தியவரும் செய்தது இதுவே.